உழவில் கிடைத்த பழைய பேட்ஜ்: அது எந்தப் படை, எந்தக் காலம், யாருடையது?

கோடை மழை பெய்து புழுதி உழவு ஓட்டும்போதும், கிணறு தூர்வாரும்போதும், பழைய வீட்டை இடித்துக் கடைக்கால் தோண்டும்போதும் மண்ணுக்குள்ளிருந்து ஏதாவது பித்தளைத் துண்டு வெளிவருவது புதிதல்ல. கிரீடம் போட்ட வில்லை, யானை போட்ட பேட்ஜ், ஆங்கில எழுத்து கொண்ட வளைந்த தகடு, குமிழ் போன்ற பொத்தான் என்று பல வடிவங்களில் அவை இருக்கும். பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, வீட்டில் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்துவிடுகிறோம். அல்லது பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறோம். எடைக்குப் போட்டால் கிடைப்பது சில ரூபாய்தான்.

ஆனால், அந்தத் துண்டு ஒரு குடும்பத்துக்கு வேறு எதனாலும் ஈடுசெய்ய முடியாத பொருளாக இருக்கலாம். முதல் உலகப் போரில் ஏறத்தாழ 13 லட்சம் இந்தியர்கள் பணியாற்றினார்கள். சுமார் 74,000 பேர் இறந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் படையில் சேர்ந்தவர்கள் 25 லட்சம் பேர். இறந்தவர்கள் சுமார் 87,000 பேர். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்தும் ஏராளமானோர் போனார்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்ற பெயரே உண்டு. மெசபடோமியாவிலும் பர்மாவிலும் இறந்தவர்களுக்கு ஊரில் சமாதி கிடையாது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு பதக்கம் மட்டும் என்றால், அது மண்ணில் தொலைந்துபோனபின் பேரப்பிள்ளைகளுக்கு அவர் பெயரே தெரியாமல் போயிருக்கும்.

எனவே, கிடைத்த பொருளைத் தேய்ப்பதற்கு முன் படிக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

பேட்ஜா, வெடிபொருளா?

மண்ணிலிருந்து வரும் ராணுவப் பொருள் எல்லாமே பேட்ஜ் அல்ல. உருளையாகவோ, முனை கூம்பியோ, வால்பகுதியில் இறக்கை போன்ற தகடுகளுடனோ, அளவுக்கு மீறிக் கனமாகவோ இருந்தால் தொடவே கூடாது. எத்தனை ஆண்டு மண்ணில் கிடந்தாலும் பழைய குண்டு வெடிக்கும். டிராக்டரை நிறுத்திவிட்டு, வந்த வழியே விலகி, தள்ளி இருக்கும் வரப்பிலோ மரத்திலோ ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். பிறகு 112-க்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போவதும், தண்ணீர் வாளியில் போடுவதும் உயிருக்கு ஆபத்து. முனையில் ஈயமோ செம்போ தெரியும் தோட்டாவுக்கும் இதே விதிதான்.

புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம்

குத்துவிளக்கைத் தேய்க்கும் பழக்கத்தில் பேட்ஜையும் தேய்த்துவிடுகிறோம். புளியிலும் எலுமிச்சையிலும் இருக்கும் அமிலம் பாசியோடு சேர்த்து மேல்பரப்பையும் அரிக்கும். செங்கல் பொடியும் சாம்பலும் எழுத்தின் விளிம்பைத் தேய்த்துவிடும். தேய்ந்த எழுத்து திரும்ப வராது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மண்ணை நிழலில் காயவிட்டு, மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி உதிர்க்க வேண்டும். களிமண் விடவில்லை என்றால், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, எடுத்து, முழுமையாக உலர்த்த வேண்டும். கிணற்று நீரில் உப்பு இருக்கும், அது வேண்டாம். அடர்ந்த பச்சை, பழுப்பு நிறப் படலம் பொருளுக்குக் கவசம் போன்றது, அப்படியே இருக்கட்டும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்துகொண்டே இருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். உப்பு உள்ளே புகுந்து உலோகத்தைத் தின்கிறது என்று பொருள். அப்படிப்பட்டதை ஈரம் படாமல் தனியாக வைத்து, அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

எழுத்து தெரியவில்லையா? காலை வெயில் சாய்வாக விழும்படி பிடித்துப் பாருங்கள். மதிய வெயிலில் தெரியாத எழுத்து சாய்வு வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். உறுதியான பொருளாக இருந்தால், மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலை லேசாக உரசுங்கள். பள்ளியில் காசின் மேல் தாள் வைத்து உரசிய அதே முறைதான்.

எல்லாம் ராணுவம் அல்ல

கிடைக்கும் பித்தளை வில்லைகளில் பல, ராணுவத்தைச் சேர்ந்தவையே அல்ல. அந்தக் காலத்தில் கலெக்டர் அலுவலக டவாலி, ஜமீன் சேவகர், ரயில்வே போர்ட்டர், தோட்டக் காவலர் எல்லோரும் வில்லை அணிந்தார்கள். ‘வில்லைச் சேவகன்’ என்ற சொல்லே அப்படி வந்ததுதான். வில்லை பெரிதாக, தட்டையாக, ஒரு எண்ணும் ஊர்ப் பெயரோ அலுவலகப் பெயரோ வெட்டப்பட்டு இருந்தால், முதலில் இந்த வகை என்று நினையுங்கள். காவல்துறை, வனத்துறை, தீயணைப்புத் துறை, சாரணர், என்.சி.சி. ஆகியவற்றுக்கும் பேட்ஜ் உண்டு.

ராணுவத் தொப்பி பேட்ஜ் பொதுவாக உள்ளங்கைக்குள் அடங்கும். அச்சில் அடித்ததால் முன்பக்கம் புடைத்தும் பின்பக்கம் குழிந்தும் இருக்கும்.

முதல் அடையாளம்: கிரீடமா, சிங்கமா?

பேட்ஜின் உச்சியைப் பாருங்கள். அதுதான் காலம் காட்டும்.

அசோகர் தூணின் சிங்கங்கள் இருந்தால், இந்தியா குடியரசான 1950 ஜனவரி 26-க்குப் பிந்தையது. கிரீடம் இருந்தால் அதற்கு முந்தையது.

கிரீடத்திலும் இரண்டு வகை உண்டு. மேல்வளைவுகள் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் உருண்டு மேடாக இருந்தால் அது அரசர் கிரீடம்; 1901-இல் விக்டோரியா இறந்த பிறகு வந்தது. வளைவுகள் நடுவில் பள்ளமாகத் தாழ்ந்து, அந்தப் பள்ளத்தில் குமிழும் சிலுவையும் இருந்தால், நம் மண்ணில் கிடைத்ததைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் விக்டோரியா காலத்தது.

கிரீடத்துக்குக் கீழே பின்னிப் பிணைந்த எழுத்துகள் இருக்கலாம். வி.ஆர்.ஐ. என்றால் விக்டோரியா. ஈ.ஆர்.ஐ. என்றால் 1901 முதல் 1910 வரை ஆண்ட ஏழாம் எட்வர்ட். ஜி.ஆர்.ஐ. என்றால் ஜார்ஜ், ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936 வரையும், ஆறாம் ஜார்ஜ் அதன் பிறகும். ரோமன் எண்ணில் ஐந்தா ஆறா என்று பார்த்தால் யார் என்று தெரிந்துவிடும்.

தோளில் குத்தும் நட்சத்திரமும் காலம் சொல்லும். பிரிட்டிஷ் கால அதிகாரிகளின் நட்சத்திரத்துக்கு நான்கு முனை. குடியரசு இந்தியாவின் ராணுவ நட்சத்திரத்துக்கு ஐந்து முனை.

இரண்டாவது அடையாளம்: உருவமும் எழுத்தும்

யானை இருந்தால் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று பலரும் சொல்லிவிடுவார்கள். அது முழுச் சரியல்ல. இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் சின்னத்தில் யானையும் குறுக்கிட்ட இரண்டு வாள்களும் உண்டு. அந்த யானை, 1803 செப்டம்பர் 23 அன்று மராட்டியருக்கு எதிராக அசாயே என்ற ஊரில் நடந்த போரின் நினைவு. அதே போரில் இருந்த ஸ்காட்லாந்துப் படை ஒன்றின் வழிவந்த ‘ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி’ பேட்ஜிலும் யானை இருக்கிறது. கூடவே ‘அசாயே’ என்ற பெயரும் ஊதுகொம்பும் இருக்கும். ஆக, யானையை மட்டும் பார்க்காமல் அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மெட்ராஸ் ரெஜிமென்ட் வரலாற்றில் ஓர் இடைவெளியும் உண்டு. செலவைக் குறைப்பதாகச் சொல்லி 1920-களில் அந்தப் படையைக் கலைத்தார்கள்; இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது மறுபடி எழுப்பினார்கள். இன்று அதன் பயிற்சி மையம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் சேர்ந்த இன்னொரு படை மெட்ராஸ் சேப்பர்ஸ் எனும் பொறியாளர் படை. 1780-இல் தொடங்கிய அதன் மையம் பெங்களூரில் உள்ளது. அந்தப் படையினரை இன்றும் ‘தம்பி’ என்றே அழைக்கிறார்கள்.

சக்கரத்தோடு கூடிய பீரங்கி என்றால் பீரங்கிப் படை. மேலே தீச்சுடர் எரியும் உருண்டைக் குண்டு என்றால் பொறியாளர் படையும் உண்டு, வேறு படைகளும் உண்டு. எழுத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். இலை மாலைக்குள் ஆர்.ஏ.எஃப். என்ற எழுத்தும் மேலே கிரீடமும் இருந்தால் பிரிட்டிஷ் விமானப்படை.

தோள்பட்டையில் அணியும் வளைந்த பித்தளை எழுத்துத் தகடு இன்னும் நல்ல சாட்சி. உதாரணமாக, ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்று இருந்தால் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். கோவேறு கழுதையிலும் லாரியிலும் படைக்கு அரிசி, பருப்பு, தீவனம் கொண்டுபோன பிரிவு அது. ‘ராயல்’ என்ற பட்டம் 1935-இல் வந்தது, குடியரசானதும் போய்விட்டது. ஆகவே, அந்த ஐந்து எழுத்தும் இருந்தால் பொருள் 1935-க்கும் 1950-க்கும் இடைப்பட்டது. ஒரே ஓர் எழுத்து காலத்தைப் பதினைந்து ஆண்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. தேய்த்து அழித்திருந்தால் இது தெரியாது.

மூன்றாவது அடையாளம்: முதுகு

பின்பக்கத்தைப் பார்க்காமல் யாரிடமும் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் சிறு காதுகள் இருந்தால், அதில் பிளவு ஊசி செருகித் தொப்பியிலோ சட்டையிலோ மாட்டியிருப்பார்கள். நீண்ட தட்டைக் குச்சி போல் இருந்தால் அது தொப்பி மடிப்பில் செருகுவது. நடுவில் ஒரே ஒரு வளையம் இருந்தால் அது பொத்தான்.

பொத்தானின் முதுகில் லண்டன், பர்மிங்ஹாம் என்று ஊரும், தயாரித்த நிறுவனத்தின் பெயரும் சுற்றி எழுதியிருக்கும். அதைப் படைவீரர் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். அம்புக்குறி முத்திரை இருந்தால் அது அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம்.

பெயர் இருப்பது பதக்கத்தில்தான்

பேட்ஜ் படையையும் காலத்தையும் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே அச்சில் அடித்த பேட்ஜை அணிந்தார்கள். ஆள் பெயர் வேண்டுமென்றால் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். ரூபாய் நாணயத்தின் ஓரத்தில் கோடு இருக்குமே, அந்த இடம். எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை வரிசையாகப் பொறித்திருக்கும்.

முதல் உலகப் போர்ப் பதக்கம் ஒன்று வெள்ளியில் வார்த்தது. ஒரு பக்கம் அரசர் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒருவர், 1914, 1918 என்ற ஆண்டுகள். கூலிப் படையில் போன எளிய மக்களுக்கு அதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெள்ளி என்பதால் பலவற்றை நகைக்கடையில் உருக்கிவிட்டார்கள். உருகியது விளிம்பில் இருந்த பெயரும்தான். அதே போரில் இறந்தவரின் குடும்பத்துக்குச் சுமார் 12 சென்டிமீட்டர் அகலமுள்ள வெண்கல வட்டத் தகடு அனுப்பினார்கள். அதில் ஒரு பெண் உருவமும் சிங்கமும், புடைத்த எழுத்தில் இறந்தவர் பெயரும் இருக்கும். சிறு தட்டு அளவுக்கு இருப்பதால் பாத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டாம் உலகப் போர் நட்சத்திரப் பதக்கங்களுக்கு ஆறு முனை. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றின் பின்பக்கம் பாருங்கள், பெயர் இருக்கலாம். சுதந்திரத்துக்குப் பிந்தைய 1965, 1971 போர்ப் பதக்கங்களின் விளிம்பிலும் பெயர் இருக்கும். இந்தப் பதக்கத்தைப் பெற்றவரோ, அவர் மனைவியோ உங்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம்.

ஆங்கிலத்தில் எழுதிய தமிழ்ப் பெயர் குழப்பும். முனுசாமி என்பதையே மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

நம் வயலுக்கு எப்படி வந்தது?

இதை உழவரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. பொருள் கிடந்த இடம் எப்போதும் தொலைந்த இடமாக இருக்காது.

வீட்டுக் குப்பை குப்பைக்குழிக்குப் போய், எருவாகி, வண்டியில் வயலுக்கு வரும். கிழிந்த சட்டையோடு பொத்தானும் அப்படியே வந்துவிடும். ஆகவே, அந்த வயலுக்கு முன்பு யார் வீட்டு எரு அடித்தார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். ஏரி வண்டல் அடித்த நிலமென்றால், பொருள் ஏரியிலிருந்தே வந்திருக்கலாம். ராணுவத்தில் கழித்த கோட்டுகள் சந்தையில் விற்பனைக்கு வரும். காவல்காரர்கள் பனிக்காக வாங்கிப் போடுவார்கள். அந்தக் கோட்டின் பொத்தானாகவும் இருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது சூலூர், சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு போன்ற இடங்களில் விமான ஓடுதளங்கள் இருந்தன. அவற்றின் சுற்றுவட்டாரத்தில் விமானப்படை பேட்ஜ் கிடைத்தால் வியப்பில்லை.

எனவே, எடுத்த அன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள்: சர்வே எண், எந்த வரப்பிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம், தேதி, பக்கத்தில் வேறு என்ன கிடைத்தது. முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என மூன்று படம் எடுங்கள். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள்.

யாரிடம் காட்டுவது?

பெயர் தெரிந்தால் முதலில் ஊர்ப் பெரியவர்கள், அடுத்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் பெயரைத் தேடலாம். 1914 முதல் 1921 வரையும், 1939 முதல் 1947 வரையும் இறந்தவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையைப் பராமரிப்பதும் அந்த ஆணையம்தான். பெயர் இல்லாத பழைய பேட்ஜ் என்றால் மாவட்ட அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. தனி பேட்ஜ் புதையலா என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். வி.ஏ.ஓ. வழியாகத் தாசில்தாரிடம் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நூறு ஆண்டைக் கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதை விற்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். முதல் உலகப் போர்க்காலப் பொருள்கள் நூறு ஆண்டைக் கடந்துவிட்டன.

வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மெட்டல் டிடெக்டர் வாங்கி எங்கள் ஊர்ப் பக்கம் தேடலாமா?

பதில்: இங்கிலாந்தில் இது பலருக்குப் பொழுதுபோக்கு. அங்கே கண்டெடுத்ததைப் பதிவு செய்ய 1997 முதல் தனித் திட்டமே இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களைப் பதிந்திருக்கிறார்கள். இங்கே அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்தில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். கோயில் நிலம், ஏரி, முதுமக்கள் தாழி தென்படும் மேடு ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். மேலும், கருவி ஒலிப்பது பேட்ஜுக்கா, வெடிக்காத குண்டுக்கா என்று தோண்டும்வரை தெரியாது.

கேள்வி: ஏற்கெனவே புளி போட்டுத் தேய்த்துவிட்டோம். இனி என்ன செய்வது?

பதில்: காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று முறை அலசி, அமிலம் போகச் செய்யுங்கள். நன்றாக உலர்த்தி, காகித உறையில் வையுங்கள். ஈரம் தங்கும் பிளாஸ்டிக் பை வேண்டாம். மெருகு, வார்னிஷ் எதுவும் பூச வேண்டாம்.

கேள்வி: குத்தகை நிலத்தில் கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

பதில்: ஆட்சியர் விசாரித்து, உரிமையாளர் இல்லாத புதையல் என்று அறிவித்தால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நில உரிமையாளருக்கு ஒரு பங்கு. இருவருக்கும் இடையே வேறு ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. அரசே எடுத்துக்கொண்டால், உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கும். ஆனால், பெயர் பொறித்த பதக்கத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு உரியவர் இருக்கிறார். குடும்பத்தைத் தேடிக் கொடுப்பதே முறை.

கேள்வி: பள்ளி விழாவில் பிள்ளைக்குக் குத்திவிடலாமா?

பதில்: நாடகத்துக்கு என்றால் தவறில்லை. ஆனால், ராணுவத்தினர் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு பெரியவர்கள் அணிவது குற்றம். எதற்கும் அசல் பொருளைக் கொடுக்க வேண்டாம். அட்டையில் ஒன்று வெட்டிக் குத்திவிடுங்கள். அசல் பெட்டிக்குள் இருக்கட்டும், எழுதிவைத்த தாளோடு.